இரக்கம் ஒன்றே போதுமோ?

மக்களாய்ப் பிறந்தார் எவர்க்கும் துன்பம் வராமற் போவதில்லை. செல்வர்க்கு ஒரு வகை, வறியர்க்கு ஒரு வகை. கற்றார்க்கு ஒரு வகை, கல்லார்க்கு ஒரு வகை. நோய், கடன், குடி, குடும்பப் பிணக்கு, வேலையின்மை, முதுமையின் தனிமை, சாதியாலும் பெண்ணாய்ப் பிறந்ததாலும் நேரும் இழிவு என்று அதற்கு எத்துணையோ பெயர்கள். துன்பத்தைப் போலவே, துன்புறுவாரைக் கண்டு இரங்கும் நெஞ்சமும் மக்களுக்கு இயற்கையாய் அமைந்ததே. வழியில் வீழ்ந்து கிடப்பானைக் கண்டு மனம் கசியாதார் சிலரே. ஆயின், கசிந்த மனம் மட்டும் வீழ்ந்தானை எழுப்பி நிறுத்துமோ என்பதே ஈண்டு நாம் ஆராய எடுத்துக்கொண்ட வினா.

நிறுத்தாது என்பதே நம் கருத்து. இரக்கம் வித்துப் போன்றது. வித்தின்றி விளைவில்லை, ஆயினும் உழவு அறியாதான் கையிலுள்ள வித்து ஊரார் பசியைத் தீர்ப்பதில்லை. பிறர் துயரத்தினுள் மெல்லப் புகுந்து, அதன் முடிச்சு எங்கே விழுந்துள்ளது என்று கண்டு, துயருற்றவர் தம் கையாலேயே அதனை அவிழ்க்குமாறு உடனிருந்து உதவுதல், கற்றுப் பழகவேண்டிய ஒரு கலை. அக்கலையைத் தொழிலாகக் கொண்டவரே சமூகப் பணியாளர். அவரை நம் நாட்டார் பலர் ஓய்வு நேரத்தில் நன்மை செய்யும் நல்ல மனத்தினர் என்ற அளவிலேயே அறிவர். அப்பணிக்குப் பயிற்சி எதற்கு, ஊதியம் எதற்கு என்று வினவுவாரும் உளர். இவ்வெண்ணம் அப்பணியாளர்க்கு மட்டும் தீங்கு செய்வதன்று; அவரை நாடி நிற்கும் எளியோர்க்கே பெருந்தீங்கு செய்வது.

பொதுப்படப் பேசின் இக்கருத்து விளங்காது. ஆதலின் ஒரு துன்பத்தை எடுத்துக்கொண்டு அதன் வழியே இதனை ஆராய்வோம். அதற்குக் காசநோயினும் பொருத்தமானது பிறிதில்லை. அந்நோய் உடலைப் பற்றுவது. ஆயின் வறுமையிலும் நெருக்கத்திலும் பசியிலும் வேர் விடுவது. நோயாளியை மட்டுமன்றி அவர் வீட்டாரையும், வேலையையும், மகளின் மணப்பேச்சையும் தொடுவது. மருந்து கண்டுபிடிக்கப்பட்ட பின்னும் மனிதரைக் கொல்வது. மருந்துக்கும் மனிதர்க்கும் இடையே உள்ள அந்தத் தொலைவிலேதான் சமூகப் பணியாளரின் வேலை இருக்கின்றது.

இத்தொலைவைப் பண்டைத் தமிழர் அறியாதவர் அல்லர். திருவள்ளுவர் தம் நூலில் 'மருந்து' என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயாளி, மருத்துவர், மருந்து என்னும் மூன்றோடு அவர் அமைந்திலர். அருகிருந்து துணைசெய்வாரையும் நான்காவதாக வைத்தார். மருத்துவர் எத்துணை வல்லவராயினும், மருந்து எத்துணைச் சிறந்ததாயினும், அந்நான்காமவர் இல்லாவிடத்து மருத்துவம் முற்றுப் பெறாது என்பது அவ்வகுப்பினால் பெறப்படுகின்றது. இக்காலத்து மருத்துவமனைகளில் அந்நான்காம் இடத்தைத் தாதியரோடு பகிர்ந்து நிற்க வேண்டியவர் சமூகப் பணியாளர்.

மேனாடுகளில் இப்பணி தோன்றிய வரலாறு நினைக்கத்தக்கது. இலண்டன் மாநகரில் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் 1895ஆம் ஆண்டு மேரி ஸ்டூவர்ட் என்னும் அம்மையார் அமர்த்தப்பட்டார். இலவச மருத்துவத்துக்கு வருவோருள் பணம் கொடுக்க வல்லவர் யாவர், பொய்யுரைத்து வருவார் யாவர் என்று பிரித்தறிவதே அவர்க்கு முதலில் இடப்பட்ட வேலை. அவ்வேலைக்காக ஒவ்வொருவரோடும் அமர்ந்து பேசத் தொடங்கிய பின்னர்த் தெரியவந்தது வேறு. ஏமாற்ற வந்தார் சிலரே. மருத்துவர் எழுதித் தந்ததை நிறைவேற்ற வழியின்றி வந்தாரோ பலர். பால் உண்க என்று எழுதப்பட்டவர் வீட்டில் பாலுக்குக் காசில்லை. ஓய்வு கொள்க என்று எழுதப்பட்டவர் ஓய்ந்தால் அடுப்பு எரிவதில்லை. காவல் காக்க அமர்த்தப்பட்ட பணி இவ்வாறு கைகொடுக்கும் பணியாக மாறியது. பத்தாண்டு கழித்து, 1905ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ரிச்சர்டு கேபட் என்னும் மருத்துவரும் இவ்வுண்மையையே உணர்ந்து, நோயாளியின் வீட்டு நிலையை அறிந்து உதவுவதற்கென்றே பணியாளரை ஏற்படுத்தினார்.

அனுபவத்தால் அறிந்த இதனை ஒரு கல்வியாக ஆக்கியவருள் தலைசிறந்தவர் மேரி ரிச்மண்டு அம்மையார். 1917ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட பெருநூல், உதவுமுன் ஆராய்க என்னும் நெறியை விரித்துரைத்தது. காய்ச்சல் என்று வந்தார் அனைவர்க்கும் ஒரே கசாயத்தைக் கொடுப்பான் மருத்துவன் ஆகான். அதுபோலவே, துயரம் என்று வந்தார் அனைவர்க்கும் ஒரே புத்திமதியையோ ஒரே பணமுடிப்பையோ நீட்டுவான் சமூகப் பணியாளன் ஆகான். இவர் யார், இவரைச் சூழ்ந்தவர் யார், இவருக்குள்ள வலிமைகள் யாவை, தடை எங்குளது என்று காண்பதே முதற்படி என்பது அந்நெறியின் சாரம்.

நம் நாட்டில் இக்கல்விக்கெனப் பம்பாயில் 1936ஆம் ஆண்டு ஒரு கல்விக்கூடம் தோன்றியது. இன்று டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் எனப்படுவது அதுவே. 1946ஆம் ஆண்டில் அந்நகரத்து ஜே.ஜே. மருத்துவமனையில் மருத்துவச் சமூகப் பணியாளர் அமர்த்தப்பட்டார். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் 1952ஆம் ஆண்டு சமூகப்பணிக் கல்விக்கூடம் நிறுவப்பட்டது. ஆகவே இது நேற்றுத் தோன்றி இன்று மறையும் புதுமை அன்று. ஆயினும் மாணவர் ஒருவர் தாம் சமூகப்பணி கற்கப்போவதாக வீட்டிற் கூறின், 'அதற்கும் ஒரு படிப்பா?' என்னும் கேள்வி இன்னும் எழாமல் இருப்பதில்லை.

இனிக் காசநோய்க்கு வருவோம். ஒரு காலத்தில் அந்நோயாளரைத் தூய காற்றும் நல்லுணவும் முழு ஓய்வும் தரும் தனி மருத்துவமனைகளில் மாதக்கணக்கில் வைத்துப் போற்றுவதே சிறந்த முறை என எண்ணப்பட்டது. நோயாளர் இலட்சக்கணக்கில் உள்ள நாட்டில் அத்துணைப் படுக்கைகளுக்கு எங்கே போவது? இவ்வினாவுக்கு விடை காண 1956ஆம் ஆண்டில் சென்னையில் ஓர் ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. 193 நோயாளரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினரை மருத்துவமனையிலும் மற்றொரு பகுதியினரைத் தத்தம் வீட்டிலும் வைத்து ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தனர். வீட்டிலிருந்தோர் நெருக்கமான குடியிருப்பில் வாழ்ந்தனர். உணவும் ஓய்வும் குறைவாகவே பெற்றனர். இருந்தும் இரு பகுதியினரும் ஏறத்தாழ ஒத்த அளவிலேயே நலமெய்தினர். வீட்டிலிருந்தோரின் உறவினர்க்கு அதனால் மிகுதியான தீங்கும் நேர்ந்திலது. 1959ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவு உலகத்துக் காசநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றியது. சென்னைக்கு இது நிலைத்த பெருமை.

ஆயின் அப்பெருமைக்குள் ஒரு பொறுப்பும் மறைந்து கிடந்தது. மருத்துவமனைப் படுக்கையில் இருப்பவர்க்கு மருந்தை வேளை தவறாது கொடுக்கத் தாதியர் உளர். வீட்டிலிருப்பவர்க்கு யார் உளர்? அவ்வாய்வை நடத்தியோர் இதனை அறிந்தே இருந்தனர். முன்னறிவியாது வீட்டுக்குச் சென்று பார்த்தனர். சிறுநீரைச் சோதித்து, மருந்து உட்கொள்ளப்பட்டதா என ஆராய்ந்தனர். வீட்டு மருத்துவம் வென்றது மாத்திரையால் மட்டும் அன்று. மாத்திரையைத் தொடர்ந்து சென்ற மனிதரின் துணையாலுமாம்.

இக்காலத்தில் சாதாரணக் காசநோய்க்கு ஆறு திங்கள் மருந்து போதுமானது. இடர் யாதெனின், சில வாரங்களிலேயே இருமல் தணிகின்றது, காய்ச்சல் நீங்குகின்றது, உடல் தேறியதாகத் தோன்றுகின்றது. அந்நிலையில் மருந்தை நிறுத்துவோர் பலர். நிறுத்தின் நோய் மீளும். மீளும் நோய் சில வேளை மருந்துக்கு அடங்காத வன்மை பெற்று வரும். பின்னர் அவரையும், அவர் வழியாகத் தொற்றுவோரையும் குணப்படுத்தல் அரிதாகின்றது.

நோயாளர் மருந்தை ஏன் நிறுத்துகின்றார்? 'அறியாமை, அலட்சியம்' என்பது பலரும் எளிதிற் சொல்லும் விடை. இவ்விடை எத்துணைக் குறையுடையது என்பதை ஒரு கற்பனைச் சான்றால் காண்போம். நெல்லைப் பகுதியில் பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு பெண்ணை எண்ணிக்கொள்வோம். அவள் போல்வார் அப்பகுதியில் பல்லாயிரவர். கடையிலிருந்து இலையும் தூளும் வாங்கி வந்து, சுளவை மடியில் வைத்துப் பகலெல்லாம் சுற்றி, ஆயிரத்துக்கு இத்துணை என்று கூலி பெறுபவள். அவளுக்குக் காசநோய் கண்டது. இரண்டு திங்கள் மருந்துண்டாள்; பின்னர் வரவில்லை.

இரங்கும் மனத்தினர் ஒருவர் அவள் வீட்டுக்குச் செல்கின்றார். நிலை கண்டு மனம் நொந்து, கையிலிருந்த பணத்தைக் கொடுத்துத் திரும்புகின்றார். பணம் ஒரு வாரத்தில் தீர்கின்றது, மருந்து தொடர்ந்திலது. கடமையுணர்ச்சி மிக்க வேறொருவர் செல்கின்றார். 'ஏன் அம்மா மருந்தை நிறுத்தினீர்? பிள்ளைகளை நினைத்தீரா?' என்று இடித்துரைக்கின்றார். அவள் தலைகுனிந்து 'நாளை வருகிறேன்' என்கின்றாள், வந்திலள். முன்னவர் அவளை ஏழை என்று கண்டார். பின்னவர் குற்றவாளி என்று கண்டார். இருவரும் அவளைக் கண்டிலர்.

பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர் கேட்கும் கேள்வி வேறு. 'மருந்து வாங்க வருவதில் உமக்கு என்ன இடர், அம்மா?' என்பது அது. முன்னைய கேள்வியில் குற்றம் அவள்மீது ஏறி நிற்கின்றது. இதில் அவளும் பணியாளரும் ஒரு பக்கம் நின்று, தடையை எதிர்ப்பக்கத்தில் வைத்து நோக்குகின்றனர். கேட்டபின் அவர் காத்திருக்கின்றார். முதல் நாளில் உண்மை முழுதும் வருவதில்லை என்பதை அவர் கற்றிருக்கின்றார். இரண்டாம் முறை, மூன்றாம் முறை சென்றபின் சிறிது சிறிதாகச் செய்தி வருகின்றது.

மருந்து கொடுக்கும் நேரமும் கடையில் பீடி ஒப்படைக்கும் நேரமும் ஒன்றாயிருந்தன. மருந்துக்குப் போனால் அன்றைய கணக்குத் தவறும். அடுத்த நாளைக்கு இலை கிடைப்பதும் ஐயம். மருந்துண்ட நாள் முதல் சிறுநீர் செந்நிறமாய்ப் போயிற்று. இரத்தம் என்று அஞ்சினாள். அம்மருந்துகளுள் ஒன்றின் இயல்பே அது என்று அவளுக்கு எவரும் சொல்லியதில்லை. மாமியார் அவளுடைய தட்டையும் தம்ளரையும் தனியே ஒதுக்கினார். மூத்த மகளுக்கு மணப்பேச்சு நடந்துகொண்டிருந்தது; நோயின் பெயர் வெளியே தெரிந்தால் அப்பேச்சு முறியும். கணவர் கூலியிற் பாதியைக் குடியில் இழந்தார். இத்துணையும் ஒருசேர அழுத்த, அவள் நிறுத்தியது மருந்து ஒன்றைத்தான். மற்றவற்றுள் எதையும் நிறுத்தும் ஆற்றல் அவளிடம் இல்லை. இதனை அலட்சியம் என்று எவர் சொல்வார்?

முடிச்சுகள் தனித்தனியே தெரிந்தபின் அவிழ்க்கும் வழியும் தனித்தனியே தெரிகின்றது. மருந்து பெறும் நேரத்தை மாற்றவோ, வீட்டருகில் ஒருவரிடமிருந்து பெறவோ சுகாதார நிலையத்தாரோடு பேசி ஏற்பாடு செய்யலாம். செந்நிறத்தைப் பற்றிய அச்சத்தை மருத்துவரைக் கொண்டே தீர்க்கலாம். பணியாளர் தாமே மருத்துவராகிவிடுவதில்லை. மாமியாரிடம், முறையான மருந்து உட்கொள்ளத் தொடங்கியபின் தொற்றும் தன்மை விரைந்து குறைகின்றது என்றும், தட்டை ஒதுக்குவதைவிடச் சாளரத்தைத் திறந்து வைப்பதும் பிள்ளைகளைச் சோதனைக்கு அழைத்துச் செல்வதுமே பயனுடையன என்றும் பொறுமையாய் எடுத்துரைக்கலாம். காசநோயாளரின் ஊட்டத்துக்கென அரசு 2018ஆம் ஆண்டு முதல் திங்கள்தோறும் ரூ.500 வழங்கிற்று, 2024 நவம்பரில் அது ரூ.1,000 ஆக உயர்த்தப்பட்டது. உரிமையாய் வரவேண்டிய அப்பணம், வங்கிக் கணக்கில் ஓர் எழுத்துப் பிழையால் தடைப்பட்டிருக்கக்கூடும். அப்பிழையைத் திருத்துவித்தல் சிறு செயல்போலத் தோன்றும். பசித்த வீட்டுக்கு அது சிறிதன்று.

உணவு இந்நோயில் எத்துணை இன்றியமையாதது என்பதற்குச் சான்றும் உண்டு. ஜார்க்கண்டு மாநிலத்தில் 2019 முதல் 2022 வரை நடந்து 2023ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், நோயாளியின் குடும்பத்தார்க்கும் உணவுப்பொருள் வழங்கப்பட்டபோது, அவ்வாறு வழங்கப்படாத குடும்பங்களை நோக்க, அவர்களிடையே புதிதாய்க் காசநோய் தோன்றுதல் 39 விழுக்காடு குறைந்தது. அரிசியும் பருப்பும் மருந்தாதலை இதனினும் தெளிவாய்க் காட்டல் அரிது. அரிசி உரிய வீட்டை அடைந்ததா என்று பார்ப்பவரும் மருத்துவத்தின் ஓர் உறுப்பே என்பதும் இதனாற் பெறப்படும்.

கணவரின் குடியும் ஒரு நோயே என்று அறிந்து, உரிய இடத்துக்கு அவரை ஆற்றுப்படுத்தல் மற்றொன்று. சென்னையில் குடிநோயாளர்க்கென 1980ஆம் ஆண்டில் சாந்தி ரங்கநாதன் அம்மையார், தம் கணவரை அந்நோய்க்கு இழந்த துயரிலிருந்து ஒரு மருத்துவ நிலையத்தைத் தோற்றுவித்தார். உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணுவார்க்குச் செவிகொடுக்க 1986ஆம் ஆண்டு முதல் 'சிநேகா' என்னும் அமைப்பு அந்நகரில் இயங்கி வருகின்றது. மனநோயுற்று வீதியில் அலையும் பெண்டிர்க்கு 1993ஆம் ஆண்டில் 'பான்யன்' தோன்றிற்று. இத்தகைய இடங்கள் இருந்தும், இருப்பது தெரியாமையால் பயன் கொள்ளாதோர் எத்துணையர்! வழி தெரிந்தவர் ஒருவர் வழி தெரியாதவரோடு முதல் நாள் உடன்செல்லுதலே பல வேளை பெரிய உதவியாகின்றது.

இவ்வுதவிகளினும் முக்கியமானது உதவும் முறை. பெலிக்ஸ் பீஸ்டெக் என்னும் அறிஞர் 1957ஆம் ஆண்டில் பணியாளர்க்கும் துயருற்றவர்க்கும் இடையே உள்ள உறவுக்கு ஏழு நெறிகளை வகுத்தார். ஒவ்வொருவரையும் தனியொரு மனிதராக நோக்கல், தீர்ப்புக் கூறாமை, மறை காத்தல், முடிவைத் துயருற்றவர்க்கே விடுதல் என்பன அவற்றுட் சில. மறை காத்தல் என்பது வாய்மூடி இருத்தல் மட்டும் அன்று. மருத்துவத்துறை வண்டியில் சென்று வாயிலில் இறங்கினாலே மறை வெளிப்பட்டுவிடும். ஆதலின் நடந்து செல்லவும், வேண்டின் வேறிடத்தில் சந்திக்கவும் பணியாளர் அறிந்திருக்கவேண்டும். மகளின் மணவீட்டார்க்கு நோயைச் சொல்வதா என்பதை முடிவு செய்யவேண்டியவர் தாயும் மகளுமே. பிள்ளைகளின் உயிருக்கு இடர் என்னும் நிலையில் பணியாளர் வாளாவிருத்தல் கூடாது. ஆயின் அப்பொழுதும் தாம் செய்யப்போவதை மறையாது முன்னரே அவளிடம் கூறுதல் வேண்டும்.

இறுதியாக, விலகிக்கொள்ளும் காலத்தையும் அவர் அறிதல் வேண்டும். தம்மையன்றி இவர்க்கு வேறு கதியில்லை என்று பிறர் எண்ணுமாறு செய்தல் உதவுவார்க்கு நேரும் பெரிய சோதனை. அது இன்பமாயும் இருக்கும். அதனாலேயே கேடாயும் இருக்கும். நடக்கப் பழகும் குழந்தையின் கையைப் பற்றுதலும் வேண்டும். உரிய காலத்தில் விடுதலும் வேண்டும். அடுத்த முறை அப்பெண் தானே நிலையத்துக்குச் சென்று, தனக்குரியதைத் தானே கேட்டுப் பெறுவாளாயின், பணியாளர் வென்றார் என்க.

இதற்கு மாறாகச் சிலர் கூறுவன உள. 'நம் நாட்டில் குடும்பமும் சுற்றமும் ஊரும் செய்துவந்ததை ஊதியம் பெறும் அயலார் ஒருவர் செய்யவேண்டுமோ?' என்பது ஒன்று. சுற்றம் செய்வது உண்மையே. அதன் அன்பை எவராலும் ஈடுசெய்ய இயலாது. ஆயின் மேற்கூறிய பெண்ணுக்கு அச்சம் யாரிடத்து? மாமியாரிடத்தும், சுற்றத்தாரிடத்தும், ஊராரிடத்துமே. சுற்றமே துயருக்கு ஒரு காரணமாய் நிற்குமிடத்து, சுற்றத்துக்கு அப்பாற்பட்ட, மறை காக்கும் கடப்பாடுடைய ஒருவர் வேண்டும். அவர் சுற்றத்துக்குப் பகைவர் அல்லர். அறுந்த இழையை மீளச் சேர்த்து, சுற்றத்தைச் சுற்றமாக்குபவர்.

'ஊதியம் பெற்றுச் செய்வது தொண்டாகுமோ?' என்பது மற்றொன்று. மருத்துவர் ஊதியம் பெறுகின்றார், ஆசிரியரும் பெறுகின்றார், அதனால் அவர்தம் பணி இழிந்ததாவதில்லை. ஊதியமின்றிச் செய்வோர் போற்றற்குரியரே. எனினும் அவர் தமக்கு ஒழிந்த நாளில் வருவர். நோயோ ஒழிந்த நாள் பார்த்து வருவதில்லை. ஆறு திங்கள் இடையறாது உடன்நிற்றலை நாம் ஒருவரிடம் வேண்டுவோமாயின், அவர் வீட்டு அடுப்பு எரிவதற்கும் நாம் பொறுப்பேற்றல் முறையன்றோ?

மூன்றாவதாகக் கூறப்படுவது வலிமை வாய்ந்தது. அதனை மறைத்தல் நேர்மையன்று. 'வறுமையை ஒழியாது வறியர்க்கு ஆறுதல் கூறித் திரிவதால் பயன் யாது?' என்பர். இதில் உண்மை உண்டு. எண்ணிக்கைக்காகப் படிவங்களை நிரப்பி, அரிசிப் பையோடு புகைப்படம் எடுத்து, வந்த வழியே மீளும் பணி நம் நாட்டில் இல்லையென்று சொல்வதற்கில்லை. ஒருவர் தலையில் பலர்க்குரிய வேலையைச் சுமத்தி, அவரையும் எழுத்தராக்கி வைக்கும் நிலையும் உண்டு. ஆயின் இவை அப்பணி தன் இயல்பில் திரிந்தமையால் வந்த குறைகள். இயல்பில் நிற்கும் பணியாளர், பத்து வீடுகளில் ஒரே துயரைக் கண்டால், அது அவ்வீடுகளின் குறையன்று, அமைப்பின் குறை என்று உணர்வார். உணர்ந்ததை ஆளுவோர் செவியில் ஏற்றுவார்.

சிகாகோ நகரில் 1889ஆம் ஆண்டில் ஜேன் ஆடம்ஸ் அம்மையார் தம் தோழியோடு 'ஹல் ஹவுஸ்' என்னும் இல்லத்தைத் தொடங்கி, ஏழைத் தொழிலாளரிடையே குடியிருந்தார். அங்குக் கண்ட சிறுவரின் உழைப்பும் பெண்டிரின் துயரும் அவ்வில்லத்தாரைச் சும்மா இருக்கவிடவில்லை. அவருள் ஒருவரான புளோரன்ஸ் கெல்லி அம்மையார் முதலியோரின் முயற்சியால், சிறுவரை வேலைவாங்குதலைக் கட்டுப்படுத்தும் தொழிற்சாலைச் சட்டம் இல்லினாய் மாநிலத்தில் 1893ஆம் ஆண்டில் பிறந்தது. 1931ஆம் ஆண்டில் ஜேன் ஆடம்ஸ் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். ஒரு வீட்டின் கண்ணீரைத் துடைத்த கையே நாட்டின் சட்டத்தையும் எழுதத் தூண்டியது. ஆறுதலும் சீர்திருத்தமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. ஒவ்வொரு வட்ட அரசு மருத்துவமனையிலும், வெறும் எழுத்து வேலைக்கன்றி நோயாளரோடு அமர்ந்து பேசுவதற்கென்றே பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர் இருத்தல் வேண்டும். அவர் தலையில் ஏற்றும் சுமைக்கு ஓர் அளவும், அவர் பெறும் ஊதியத்தில் ஒரு நிலைப்பும் வேண்டும். கல்லூரிகளிலும் அத்தகையார் ஒருவர் வேண்டும். தேர்விற் தவறிய வெட்கமும், வீட்டுக் கடனின் சுமையும், சாதியின் பெயரால் நேர்ந்த அவமதிப்பும் விடுதி அறைகளின் கதவுக்குப் பின்னும் உறைகின்றன என்பதை நாம் அறிவோம்.

மாணவ நண்பர்களே! நாட்டு நலப்பணித் திட்டம் 1969ஆம் ஆண்டில் தொடங்கிய நாள் முதல் நம் கல்லூரிகளின் மாணவர் பலர் முகாம்களில் சாலை செப்பனிட்டும், மரம் நட்டும், குருதி கொடுத்தும் வருகின்றனர். அது நன்று. ஆயின் பத்து நாள் முகாமில் கலந்துகொண்டமையால் பிறர் வாழ்வின் முடிச்சுகளை அவிழ்க்க வல்லோமாயினோம் என்று எண்ணற்க. உம் அருகிலிருக்கும் தோழர் ஒருவர் வாட்டமுற்றிருக்கின், முதலில் இடைமறியாது கேளுங்கள். கேட்டதை அவையில் உரையாதீர். உம் ஆற்றலுக்கு மேற்பட்டதாயின், வழி அறிந்தாரிடம் உடன் அழைத்துச் செல்லுங்கள். இம்மூன்றும் எவரும் செய்யத்தக்கன. இவற்றுக்கு மேற்பட்டதைச் செய்ய உம் நெஞ்சு விழையுமாயின், அதனை முறையாகக் கற்க வாருங்கள். பொறியியலும் மருத்துவமும் கற்பதற்கு எவ்வளவு அறிவு வேண்டுமோ, அவ்வளவு அறிவும் அதனினும் மிக்க பொறுமையும் இதற்கு வேண்டும். பெற்றோரும் ஆசிரியரும் இதனை, வேறிடம் கிடையாதார் சேரும் படிப்பு என்று இகழாதிருத்தல் வேண்டும்.

இரக்கம் பிறரைக் கண்டவுடன் பிறக்கின்றது. சற்றே நேரத்தில் தணிந்தும் போகின்றது. அதனை ஆறு திங்கள் தணியாது காத்து, அறிவோடு கூட்டி, மறையோடு போர்த்தி, மதிப்போடு கொடுக்கக் கற்றவரே துயருற்றார்க்கு உண்மைத் துணைவர். அத்தகையார் நம் கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் சிலரேனும் புறப்படுவாராயின், நாம் கற்ற கல்வி ஊருக்குப் பயன்பட்டது என்று கூறிக்கொள்ள நமக்கும் உரிமை உண்டாகும்.